மோல் கணக்குக்கு எந்த வழி? முக்கோணமா, ஓரலகு முறையா, அலகுச் சங்கிலியா?

ஒரு நீர் மூலக்கூறின் நிறை என்ன என்று கேட்டால், 1.08 × 10²⁵ கிராம் என்று விடை எழுதும் மாணவர் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். 18-ஐ அவகாட்ரோ எண்ணால் (6.022 × 10²³, அதாவது ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியிருப்பார், அவ்வளவுதான். நிலவின் நிறை சுமார் 7.35 × 10²⁵ கிராம். அந்த விடைத்தாளை நம்பினால், ஏழு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்தால் ஒரு நிலவு கிடைத்துவிடும்! சரியான விடை 2.99 × 10⁻²³ கிராம்.

இதில் அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய பெருக்கல் சரி, அடுக்குகளைக் கூட்டியதும் சரி. அவருக்குக் கற்றுத்தரப்பட்ட முறைதான் வழியில் எந்த இடத்திலும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. மோல், நிறை, மூலக்கூறு எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் இடையே மாறிமாறிப் போகும் கணக்குகளுக்கு நம் வகுப்பறைகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன. எளிய கணக்கில் மூன்றுமே ஒரே வேகத்தில் ஒரே விடையைத் தரும். ஆகவே வேகத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. தவறு செய்யும்போது எந்த முறை நம்மிடம் அதைச் சொல்கிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

மூன்று வழிகளுக்கும் அடிப்படை ஒரே வரி. நீரை எடுத்துக்கொண்டால்:

1 மோல் நீர் = 18 கிராம் நீர் = 6.022 × 10²³ நீர் மூலக்கூறுகள்

இந்த வரியின் வலது ஓரத்தில் இருக்கும் எண் எல்லாப் பொருளுக்கும் ஒன்றே. நடுவில் இருப்பது பொருளுக்குப் பொருள் மாறும். கார்பன் டைஆக்சைடுக்கு 44 கிராம், குளுக்கோஸுக்கு 180 கிராம். 1971-இல் மோல் பன்னாட்டு அலகு முறையில் சேர்க்கப்பட்டபோது, 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அது வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அந்த வரையறை இல்லை. 6.02214076 × 10²³ என்ற எண்ணே நேரடியாக வரையறையாகிவிட்டது. பள்ளிக் கணக்குகளின் விடையில் இதனால் எந்த மாற்றமும் வராது. ஆனால் மோல் என்பது முதலில் ஓர் எண்ணிக்கை, எடை அதன் பின்னால் வருவது என்று மாணவருக்குச் சொல்ல இப்போது ஆசிரியருக்குச் சட்டப்படியே உரிமை கிடைத்திருக்கிறது.

முதலில் முக்கோணம். இதன் அடியில் இருப்பது வாய்ப்பாட்டு முறைதான். மோல்களின் எண்ணிக்கை = நிறை ÷ மோலார் நிறை (1 மோல் பொருளின் நிறை, கிராமில்). மூலக்கூறுகளின் எண்ணிக்கை = மோல்களின் எண்ணிக்கை × அவகாட்ரோ எண். வாய்ப்பாட்டை மாற்றி எழுதத் தடுமாறும் மாணவருக்காக ஒரு முக்கோணம் வரைந்து, உச்சியில் நிறையையும் கீழே மோலையும் மோலார் நிறையையும் எழுதிவைப்பார்கள். எது வேண்டுமோ அதை விரலால் மறைத்தால் மீதி இருப்பது விடைக்கான வழி. மூலக்கூறு எண்ணிக்கைக்கு இன்னொரு முக்கோணம், வாயுவின் கனஅளவுக்கு மூன்றாவது முக்கோணம்.

9 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள்? முதல் முக்கோணத்தில் 9 ÷ 18 = 0.5. இரண்டாவதில் 0.5 × 6.022 × 10²³ = 3.011 × 10²³. இரண்டே வரிகள், இதைவிடச் சுருக்கமாக யாரும் செய்ய முடியாது.

ஓரலகு முறை நமக்கு வேதியியலுக்கு வெகு முன்பே தெரியும். ஒரு கிலோ தக்காளி 40 ரூபாய் என்றால் கால் கிலோ எவ்வளவு என்று கடையில் நின்று சொல்லும் எவரும் அதைத்தான் செய்கிறார்கள். 18 கிராம் நீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள், 9 கிராம் அதில் பாதி, ஆகவே 3.011 × 10²³. இங்கே மோல் என்ற சொல்லே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இந்த முறையின் அழகு. குறையும் அங்கேயே ஒளிந்திருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது, அலகுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் முறை. இங்கே அதை அலகுச் சங்கிலி என்று குறிப்பிடுகிறேன்.

9 கிராம் நீர் × (1 மோல் நீர் ÷ 18 கிராம் நீர்) × (6.022 × 10²³ மூலக்கூறு ÷ 1 மோல் நீர்) = 3.011 × 10²³ மூலக்கூறு

தொகுதியில் ஒரு கிராம், பகுதியில் ஒரு கிராம், இரண்டையும் அடிக்கலாம். மோலும் அப்படியே. மிஞ்சுவது மூலக்கூறு, கேட்டதும் அதுதான். 9 கிராம் நீருக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று மாணவர் கேட்பார். இந்தக் கணக்குக்கு வேண்டாம் என்பதே நேர்மையான பதில்.

எளிய கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால், தடுக்கி விழ இடமுள்ள கணக்குகளுக்குப் போகலாம். 500 மில்லிகிராம் பாராசிட்டமாலில் எத்தனை மூலக்கூறுகள்? அதன் மூலக்கூறில் 8 கார்பன், 9 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். மோலார் நிறை 151 கிராம்.

முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாணவர் 500 ÷ 151 = 3.31 மோல் என்று எழுதிவிடுவார். முக்கோணத்தின் உச்சியில் ‘நிறை’ என்றுதானே இருக்கிறது, 500 என்பதும் நிறைதானே. விடை 2 × 10²⁴ என்று வரும். ஆயிரம் மடங்கு அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் சொல்லாதவரை அவருக்கு அது தெரியவே தெரியாது.

ஓரலகு முறையில் 151 கிராமில் 6.022 × 10²³ என்று வாயால் சொல்லிவிட்டு, அடுத்து ‘500 மில்லிகிராமில்’ என்று சொல்ல வேண்டும். காதில் விழும்போதே இரண்டும் வெவ்வேறு அலகு என்று பாதிப் பேருக்காவது உறைக்கும். அரை கிராம் என்று மாற்றிக்கொண்டால் 1 கிராமில் 3.99 × 10²¹, அரை கிராமில் 1.99 × 10²¹.

அலகுச் சங்கிலியில் தவறுவதற்கு வழியே அடைபட்டுவிடுகிறது. 500 மில்லிகிராம் என்று தொடங்கி, (1 மோல் ÷ 151 கிராம்) என்று நேராகப் போட்டால் மேலே மில்லிகிராம், கீழே கிராம், அடிக்க முடியாது. நடுவே (1 கிராம் ÷ 1000 மில்லிகிராம்) என்ற கண்ணியை நுழைத்தால்தான் மேலே நகர முடியும். இதே மாத்திரையில் ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை என்று கேள்வி நீண்டாலும் கவலையில்லை. கடைசியில் (9 ஹைட்ரஜன் அணு ÷ 1 மூலக்கூறு) என்று ஒரு கண்ணி கூடும், விடை சுமார் 1.8 × 10²². முக்கோணத்திலோ இந்த 9-க்கு உட்கார இடமே இல்லை. அதை மாணவர் தனியே நினைவில் வைத்துக்கொண்டு கடைசியில் பெருக்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன நிலவுக் கணக்கையும் இந்தச் சங்கிலியில் போட்டுப் பாருங்கள். 1 மூலக்கூறில் தொடங்கி, அடுத்த கண்ணியை (6.022 × 10²³ மூலக்கூறு ÷ 1 மோல்) என்று தலைகீழாக வைத்தால், மேலே மூலக்கூறு × மூலக்கூறு என்று பொருளற்ற ஓர் அலகு வந்து நிற்கும். கண்ணியைத் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். எந்த இடத்தில் பெருக்குவது, எந்த இடத்தில் வகுப்பது என்ற குழப்பத்துக்கு மனப்பாடம் செய்யாமல் கிடைக்கும் ஒரே மருந்து இதுதான் என்பது என் கருத்து.

ஓரலகு முறையை அதற்காக ஓரங்கட்டிவிட முடியாது. சில கணக்குகளில் அதன் பக்கத்தில் வேறு எதுவும் நெருங்காது. மயில்துத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழவர்கள் சுண்ணாம்புடன் கலந்து போர்டோ கலவை தயாரிக்கும் அதே நீலப் படிகம். அதில் ஒவ்வொரு காப்பர் சல்பேட் அலகுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. வாய்ப்பாட்டு நிறை 249.5. அதில் 90 நீரின் பங்கு. 24.95 கிராம் மயில்துத்தத்தில் எத்தனை நீர் மூலக்கூறுகள்?

249.5 கிராமில் 90 கிராம் நீர். பத்தில் ஒரு பங்கு எடுத்தால் 9 கிராம் நீர். 9 கிராம் நீர் என்றால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். தாளும் பேனாவும் தேவையில்லை. படிகத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைத் தூள் மிஞ்சும், போனது 9 கிராம் நீர் என்று கண்முன்னே பார்க்கவும் முடிகிறது. ஒரு முறை பொருளை நம் கண்ணெதிரே நிறுத்துவது சிறிய விஷயமல்ல. முக்கோணத்தில் இதே கணக்கு 24.95 ÷ 249.5 = 0.1 மோல் என்று தொடங்கி, 6.022 × 10²² என்று முடிந்துவிடும் ஆபத்து மிக அதிகம். அது காப்பர் சல்பேட் அலகுகளின் எண்ணிக்கை, நீரின் எண்ணிக்கை அன்று. ஐந்தால் பெருக்க வேண்டும் என்று முக்கோணம் சொல்லாது.

(மயில்துத்தம், சமையல் உப்பு போன்ற அயனிச் சேர்மங்களில் ‘மூலக்கூறு’ என்பதே கிடையாது, வாய்ப்பாட்டு அலகு என்றுதான் சொல்ல வேண்டும். சோடியம் குளோரைடு மூலக்கூறுகள் எத்தனை என்று கேட்கும் வினாத்தாள்களை நானும் பார்த்திருக்கிறேன். எண்ணில் வேறுபாடு வராது, கருத்தில் வரும்.)

ஓரலகு முறை மூச்சுவாங்குவது படிகள் கூடும்போது. 80 சதவீதத் தூய்மையுள்ள 250 கிராம் சுண்ணாம்புக்கல்லை முழுவதும் சிதையும்வரை சூடாக்கினால் வெளியேறும் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகள் எத்தனை? ஓரலகு முறையில் இதற்கு மூன்று தனித்தனி வாக்கியங்கள் வேண்டும்: 100 கிராம் கல்லில் 80 கிராம் கால்சியம் கார்பனேட் என்றால் 250 கிராமில் எவ்வளவு; 100 கிராம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் வாயு என்றால் அந்த அளவிலிருந்து எவ்வளவு; 44 கிராம் வாயுவில் இத்தனை மூலக்கூறுகள் என்றால் கிடைத்த வாயுவில் எத்தனை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, தோராயமாக்கி, அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் 44 வந்து, பிறகு அதே 44-ஆல் வகுபட்டுக் காணாமல் போகும் வேடிக்கையும் இதில் உண்டு. மோல் என்ற சொல்லைத் தவிர்த்ததற்கு நாம் கொடுக்கும் விலை அதுதான். சமன் செய்த சமன்பாடு பேசுவது மோல்களில்; கிராமிலேயே நின்றுகொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது.

சங்கிலியில் இது ஒரே தொடர்:

250 கிராம் கல் × (80 கிராம் கார்பனேட் ÷ 100 கிராம் கல்) × (1 மோல் கார்பனேட் ÷ 100 கிராம் கார்பனேட்) × (1 மோல் வாயு ÷ 1 மோல் கார்பனேட்) × (6.022 × 10²³ மூலக்கூறு ÷ 1 மோல் வாயு)

2 மோல், அதாவது 1.204 × 10²⁴ மூலக்கூறுகள். எண்களைக் கடைசியில் ஒரே முறை கணக்கிட்டால் போதும்.

ஆனால் இந்தச் சங்கிலிக்கும் ஓர் ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் புகழ்பவர்கள் மாணவருக்கு நன்மை செய்வதில்லை. மேலே உள்ள தொடரில் ‘கிராம் கல்’, ‘கிராம் கார்பனேட்’ என்று பொருளின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வெறும் ‘கிராம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? மூன்றாவது இடத்தில் 100-க்குப் பதில் 44-ஐப் போட்டாலும் கிராமுக்குக் கிராம் அடிபடும், மோலுக்கு மோல் அடிபடும், விடை அழகாக மூலக்கூறில் வந்து நிற்கும், தவறாக. அலகு ஒத்துப்போவதால் மட்டும் வேதியியல் ஒத்துப்போய்விடாது. பெயரில்லாத அலகுச் சங்கிலி, முக்கோணத்தைவிடக் கொஞ்சம்தான் மேல்.

பெயர் எழுதும் பழக்கம் இன்னொரு பழைய வழுக்கலையும் தடுக்கிறது. ‘ஒரு மோல் ஆக்சிஜன்’ என்றால் எது? அணுக்களா, மூலக்கூறுகளா? 16 கிராம் ஆக்சிஜன் வாயு, 16 கிராம் ஓசோன், இரண்டில் எதில் அணுக்கள் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் ஓசோன் என்பார்கள், மூலக்கூறுக்கு மூன்று அணு இருக்கிறதே என்று. வாயுவில் 16 ÷ 32 = அரை மோல் மூலக்கூறுகள், அவற்றில் 1 மோல் அணுக்கள். ஓசோனில் 16 ÷ 48 = மூன்றில் ஒரு பங்கு மோல் மூலக்கூறுகள், அவற்றிலும் 1 மோல் அணுக்கள். அணுக்கள் சமம், மூலக்கூறுகள் ஓசோனில் குறைவு. ‘மோல்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘மோல் ஆக்சிஜன் அணு’, ‘மோல் ஓசோன் மூலக்கூறு’ என்று எழுதும் கை இங்கே தடுக்காது. மோல் என்ற அலகைப் பயன்படுத்தும்போது எதன் மோல் என்று குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று அதன் வரையறையே கேட்கிறது. பாடநூலில் அந்த வரியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நீட் போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். மின்கணக்கி கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், நேரமும் இல்லை. சங்கிலியை யார் எழுதிக்கொண்டிருப்பது? நியாயமான கேள்விதான். நேரம் தின்னுவது சங்கிலியை எழுதும் வேலை அன்று, 6.022-ஐ 151-ஆல் வகுக்க உட்காருவதுதான். பாராசிட்டமால் கணக்கில் அரை கிராமை 150-ஆல் வகுத்தால் முந்நூற்றில் ஒன்று. 6 × 10²³-ஐ 300-ஆல் வகுத்தால் 2 × 10²¹. நான்கு விடைகளில் இதற்கு அருகில் இருப்பது ஒன்றாகத்தான் இருக்கும். சங்கிலியை மனதுக்குள் ஓட்டி, எண்களை இப்படி முழுதாக்கிப் போட்டால் முக்கோணத்துக்குக் குறையாத வேகம் வரும். அதோடு, எந்த வேதிக் கணக்கிலும் விடையின் அடுக்கை மட்டும் ஒரு கணம் உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்: கையில் எடுக்கக்கூடிய பொருள் என்றால் மூலக்கூறு எண்ணிக்கை 10²⁰-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், ஒற்றை மூலக்கூறின் நிறை என்றால் அடுக்கில் கழித்தல் குறி இருந்தே தீர வேண்டும்.

சில கேள்விகளுக்கு எந்த முறையுமே வேண்டாம். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றில் ஒவ்வொரு கிராம் எடுத்தால் எதில் மூலக்கூறுகள் அதிகம்? மோலார் நிறை எதற்குக் குறைவோ அதில். ஹைட்ரஜன். இதற்கு நான்கு முறை வகுத்துக்கொண்டிருக்கும் மாணவரை எந்த முறையும் காப்பாற்றாது.

ஆகவே என் தேர்வு இப்படி. பத்தாம் வகுப்பில் முதன்முதலாக மோலைச் சந்திக்கும் மாணவருக்கு ஓரலகு முறையில் தொடங்குங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு அது. ‘18 கிராம் என்றால் இத்தனை, 9 கிராம் என்றால் அதில் பாதி’ என்று வாய்விட்டுச் சொல்லும்போது மோல் என்பது மந்திர எண் அல்ல, ஒரு பெரிய எண்ணிக்கைதான் என்று மனதில் பதியும். ஆண்டு முடிவதற்குள் அதே கணக்குகளைச் சங்கிலியாக எழுதப் பழக்கிவிட வேண்டும். பதினோராம் வகுப்பில் வேதிக் கணக்கீடுகள் தொடங்கும்போது, வினைகட்டுப்படுத்தும் பொருள், தூய்மை சதவீதம், கரைசலின் செறிவு என்று படிகள் பெருகும். அப்போது புதிதாகச் சங்கிலி கற்கத் தொடங்கினால் வேதியியலும் கணக்குமுறையும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும்.

முக்கோணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாய்ப்பாட்டை மாற்றி எழுதத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது அந்தத் தெரியாமையை மூடி மறைக்கிறது. ஏற்கெனவே முக்கோணத்தில் ஊறிப்போன மாணவரிடம் அதைப் பிடுங்கவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். எந்த எண்ணையும் அலகும் பொருளின் பெயரும் இல்லாமல் எழுதக் கூடாது. ‘500 ÷ 151’ என்பதற்குப் பதில் ‘500 மில்லிகிராம் பாராசிட்டமால் ÷ (151 கிராம் பாராசிட்டமால் / மோல்)’ என்று எழுதச் சொன்னால், சில நாளில் முக்கோணம் தானாகவே சங்கிலியாகிவிடும்.

வாயுக்களின் கனஅளவு வரும்போது மட்டும் மூன்று முறைகளுமே ஒரே இடத்தில் ஏமாறும். திட்ட வெப்ப அழுத்த நிலையில் 1 மோல் வாயுவின் கனஅளவு சில நூல்களில் 22.4 லிட்டர், சிலவற்றில் 22.7 லிட்டர். இரண்டிலும் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ்தான். அழுத்தம் முதலாவதில் 1 வளிமண்டலம், இரண்டாவதில் 1 பார். இரண்டும் லிட்டர்தான், இரண்டும் மோலுக்குத்தான், எனவே சங்கிலி இரண்டையும் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். எழுதப்போகும் தேர்வின் பாடநூல் எதைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அழுத்தத்துடன் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.